விமானத்தில் போன எறும்புகள்

அந்த எறும்புகளை விமானத்தில் ஏற்றி அனுப்பியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழி வேறொருவர் மேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டதும் நான்தான்.

விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் மேலாளராக இருந்தேன். மேலாளர் என்பது பெயருக்கு. உண்மையான வேலை கடிதம் எழுதுவது. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன், ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதுவான் என்பதற்காக முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். அவர் முந்திரிக் கொல்லை வைத்திருந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குக் கோபம் எக்ஸ்பிரஸ் மாதிரி வரும், பாசஞ்சர் மாதிரி போகும்.

நாங்கள் செய்தது தூபக்கால். சாம்பிராணி போட வெள்ளைக் களிமண்ணில் கிண்ணம் மாதிரி செய்து, மெருகு பூசிச் சூளையில் சுடுவது. துபாயில் வீட்டுக்கு வீடு வாசனைப் புகை போடுவார்களாம். அங்கே பழைய கடைத்தெருவில் கடை வைத்திருந்த, எங்கள் பக்கத்து மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் எங்கள் தூபக்கால்களைத் தொடர்ந்து வாங்கினார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் துபாய் பாய்.

விருத்தாசலத்துக்கும் துபாய்க்கும் நடுவில் கடல் இருக்கிறது. ஆனால் இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் எங்களுக்குத் தூரமாகத் தெரிந்தது பம்பாய்தான். சென்னையிலிருந்து போகிற விமானத்தில் பாய்க்கு இடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் டிக்கெட் விலை கட்டுப்படியாகாது. அதனால் பம்பாயில் வந்து இறங்கி, ரயிலில் நசுங்கி, ஊர் வந்து சேர்வார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தத் துணிச்சல் அவருக்கு வரும். எங்கள் சரக்கோ லாரியில் சென்னைத் துறைமுகம் போய், கப்பலேறி, அவர் கடைக்குப் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும்.

பிறகு விமானங்கள் கூடத் தொடங்கின. வாரம் சில நாள் என்பது தினமும் என்றாயிற்று. தினமும் ஒன்று என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றாயிற்று. விலை குறைந்த விமானங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் பாய் போன் செய்வார்.

"சார், இன்னொரு ப்ளேன் வுட்டுருக்கான் சார்!"

பேரன் பிறந்த செய்தியைச் சொல்வது போலச் சொல்வார். எனக்கும் அப்படித்தான் இருக்கும். அலுவலகச் சுவரில் பள்ளிக்கூட உலகப்படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். பாய் சொல்லும் ஒவ்வொரு புது விமானத்துக்கும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பேன். பொருளாதாரப் புத்தகத்தில் வணிகம், போக்குவரத்து என்று இரண்டு தனி அத்தியாயங்களாகப் படித்தது என் சுவரில் ஒன்றாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பது அந்த நாட்களில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

"என்ன சார், சொவத்துல கோலம் போடுறீங்க?" என்று கேட்பார் எங்கள் பெட்டிக்கார அக்கா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது தாண்டியவர். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சரக்கைப் பெட்டியில் அடுக்குவது அவர் பொறுப்பு. மரப்பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, தூபக்கால்களை வரிசையாக வைத்து, இடைவெளியில் விரலால் வைக்கோல் திணித்து, மூடி அறைந்தபின் அவர் ஒரு காரியம் செய்வார். பெட்டியைத் தூக்கி, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் ஒருமுறை போடுவார். ஒவ்வொரு பெட்டியையும். தொப்பென்று விழும். குனிந்து காது வைத்துக் கேட்பார். உள்ளே ஒரு கிணுக்குக்கூட இருக்காது. முதலாளி மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு "பழமலைநாதா" என்று ஊர்ச் சாமியைக் கூப்பிடுவார்.

"எதுக்கும்மா இந்த விஷப்பரீட்சை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம கையில ஒடஞ்சா இங்கயே மாத்திடலாம் சார். கடல் தாண்டி ஒடஞ்சா யாரு போயி ஒட்டுறது?"

ஒரு வருடம் அடைமழை. வைக்கோல் எல்லாம் நனைந்து நாறியது. பெண்ணாடம் போகும் வழியில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் கரும்புச் சக்கை மலையாகக் கிடப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். வைக்கோலைவிட மெத்தென்று இருக்கும், எடையும் குறைவு. நானே போய்ப் பேசி ஒரு டிராக்டர் சக்கை இறக்கினேன். பெட்டிக்கார அக்கா ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார்.

"சார், இனிப்பு இருக்குது. எறும்பு வரும்."

"பிழிஞ்ச சக்கையில என்னம்மா இருக்கும்?"

"மில்லுல பிழிஞ்சா இருக்காது. கொட்டாயில ரெண்டு பிழிதான் சார். நாக்குல வச்சிப் பாருங்க."

ஒரு துண்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. எம்.ஏ. படித்தவன் பட்டறை நடுவில் நின்று சக்கையை நக்குவதா என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

சக்கை அடைத்த பெட்டிகள் கப்பலில் போயின. ஒரு மாதம் கழித்துச் சரக்கு நன்றாக வந்து சேர்ந்தது என்று பாய் சொன்னார். நான் நேராகப் பெட்டிக் கொட்டகைக்குப் போனேன்.

"எங்கம்மா உன் எறும்பு?"

"தெரியல சார். தண்ணியப் பாத்து பயந்துக்கிச்சோ என்னமோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அடுத்த ரம்ஜான் நெருங்கும்போது பாய் போன் செய்தார். கடையில் தூபக்கால் தீர்ந்துவிட்டது, கப்பலுக்குக் காத்திருந்தால் பண்டிகை போய்விடும், இப்போதுதான் இத்தனை விமானம் இருக்கிறதே, விமானத்திலேயே அனுப்புங்கள் என்றார். எங்கள் சரக்கு பறக்கப்போவது அதுதான் முதல்முறை. பட்டறையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. முதலாளி பெட்டிகளுக்குக் குங்குமம் வைத்தார். பெட்டிக்கார அக்கா மட்டும் சக்கைக் குவியல் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், ரெண்டு நாளு வெயில்ல போட்டு ஒதறிக் குடுக்கறேன். அடியில எறும்பு ஊறுது."

"ப்ளேன் உனக்காக நிக்காதும்மா. போன தடவ போச்சுல்ல? அதையே போடு."

போட்டார். வேன் கிளம்பியது. மறுநாள் பெட்டிகள் சென்னையில் விமானம் ஏறின, அதற்கு மறுநாள் துபாயில் கடைக்குப் போய்விட்டன. சுவரில் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் வந்தது. முதலாளி எடுத்தார். பாய் போட்ட சத்தம் எதிரில் இருந்த எனக்கே கேட்டது. நல்ல கூட்ட நேரத்தில், ஒரு பெரிய அரபி வாடிக்கையாளர் முன்னால் பெட்டியைத் திறந்திருக்கிறார். சக்கைக்குள்ளிருந்து பெண்ணாடத்து எறும்புகள் உயிரோடு, சுறுசுறுப்பாக, சாரை சாரையாக இறங்கியிருக்கின்றன. கடையில் தின்ன எதுவும் இல்லை என்று தெரிந்ததும் வரிசை கலையாமல் வாசலைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கின்றன. பக்கத்துக் கடை பேரீச்சம்பழக் கடை.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கப்பலிலும் எறும்புகள் போயிருந்தன. ஒரு மாதப் பயணத்தில் செத்துக் காய்ந்து சக்கையோடு சக்கையாகக் குப்பைக்குப் போயிருந்தன. விமானம் அவற்றுக்கும் வசதியாகிவிட்டது.

முதலாளி போனை வைத்துவிட்டுப் பெட்டிக் கொட்டகைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

"யாருய்யா அந்தச் சக்கையப் போட்டது?"

 அவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னது இதுதான்: "பேக்கிங்குக்கு அந்தம்மாதானே பொறுப்பு."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படிப் பேசத்தான் நான் படித்திருந்தேன். பெட்டிக்கார அக்கா என்னைப் பார்த்தார். நான் அடுத்து ஒன்று சொல்வேன் என்று காத்திருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தேன். அதை அவ்வளவு நேரம் நான் துடைத்ததே இல்லை.

"நாளையிலேருந்து நீ களிமண்ணு பெசையிற பக்கம் போ" என்றார் முதலாளி.

"இல்லீங்க, நான் வூட்டுக்கே போறேன்" என்று அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு யார் யாரோ பெட்டி கட்டினார்கள். தரையில் போட்டுப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. துபாயிலிருந்து உடைசல் கணக்கு வந்தபடி இருந்தது. அக்கா களையெடுக்கப் போகத் தொடங்கினார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் களைக்கொத்தியோடு நின்றிருந்தார். நான் உள்ளே ஜன்னலோரம் இருந்தேன். அவர் என் முகத்தை, பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படிப்பது போல ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. அதுதான் எறும்பைவிடப் பெரியது. ஜங்ஷன் சாலையில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் கடைக்காரர் கேட்டார்: "என்ன சார், அந்தம்மாவ நிறுத்திட்டீங்களாம்ல? எதுலயாவது கைய வச்சிட்டாங்களா? தெருவுல அப்படித்தான் பேசிக்கிறாங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஆபீஸ் விஷயம்பா" என்றேன். டீயைக் குடித்து முடித்தேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். திருச்சிக்கே நேராக விமானம் வந்துவிட்டது என்று பாய் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு துள்ளல். "காலையில இங்க ஏறுனா மத்தியானத்துக்கு மேல உங்க ஊருல இருப்பேன் சார். இனிமே நான் துபாய்க்காரன் இல்ல, பக்கத்து ஊர்க்காரன்." சொன்னபடியே அடுத்த வாரம் டாக்ஸியில் வந்து இறங்கினார். கசங்காத சட்டை. பம்பாய் வழியாக வந்த காலத்தில் அவர் சட்டையின் நிறத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. முதலாளியைக் கட்டிப்பிடித்தார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம்.

"பெட்டி கட்டுற அக்கா எங்க? இது அவங்களுக்கு. பக்கத்துக் கடைக்காரரு குடுத்தனுப்புனாரு. எறும்புக்கே இவ்வளவு பிடிச்சிருக்கு, கட்டுனவங்களுக்கும் குடுங்கன்னு."

முதலாளி விழித்தார். "உங்களுக்குக் கோவம்னு..."

"அன்னைக்குக் கோவம்தான். அப்புறம் அந்த அரபிக்காரரு சிரிச்சாரு பாருங்க, கடையே ஆடிப்போச்சு. இப்ப எப்ப வந்தாலும், 'உங்க சொந்தக்காரங்க அடுத்து எந்த ப்ளேன்ல வராங்க?'ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள நுழையுறாரு. அதுக்கே ரெண்டு தூபக்கால் கூட வாங்குறாரு. எங்க அக்கா?"

"பொட்டி வேலையிலேருந்து மாத்துனேன், போயிட்டாங்க பாய். உங்களுக்காகத்தான்."

பாய் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "எறும்புக்காகவா?" என்றார். "அவங்க போனதுக்கு அப்புறம்தானா இந்த உடைசல் எல்லாம்?"

எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. "சக்கை வாங்குனது நான். வேண்டாம்னு அவங்க ரெண்டு தடவ சொன்னாங்க. நான்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "படிச்சவரு" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் இரண்டு அறை அறைந்திருக்கலாம். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆட்டோவக் கூப்புடுங்க" என்றார்.

அக்கா வீட்டில் இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் போடும் நாள். கேனோடு வரிசையில் நின்றிருந்தார். முதலாளி, பாய், நான் மூவரும் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்து வரிசை முழுவதும் திரும்பியது.

"அக்கா, தப்பு எம்மேல. பட்டறைக்கு வாங்க, எல்லாரு முன்னாடியும் சொல்றேன்" என்றேன்.

அவர் நகரவில்லை. "பட்டறையில இருக்கறவங்களுக்குத் தெரியும் சார். தெரியாதது இந்தத் தெருவுக்குத்தான். இங்கயே சொல்லுங்க."

சொன்னேன். வெல்லக் கொட்டகையிலிருந்து ஆரம்பித்து, நான் நாக்கில் வைக்க மறுத்த துண்டு, வெயிலில் போடக் கேட்ட இரண்டு நாள், துபாய்க் கடை வரைக்கும் சொன்னேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. எறும்புகள் வரிசையாகப் பேரீச்சம்பழக் கடைக்குப் போன இடம் வந்ததும் பின்னால் ஒரு பெண், "ஏன் சார், எறும்புக்கெல்லாம் டிக்கெட்டு எடுத்தீங்களா?" என்றார்.

"அதுங்களுக்குப் பாஸ்போர்ட்டு?" என்றார் இன்னொருவர்.

"எம் புருசன் மூணு வருசமா ஏஜெண்டு பின்னாடி சுத்துறான். எறும்பு போயிட்டு பேரீச்சம்பழமே தின்னுட்டுது!"

ரேஷன் கடைக்காரர் அளப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் எதையாவது திருடுனேனா சார்?"

"இல்லை."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"இல்லை! அவங்க எதையும் திருடல!" என்று கத்தினேன். ஒரு தெருவில் நின்று நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை.

அக்கா கேனை ஒரு அடி முன்னால் நகர்த்தினார். "முன்னாடி ரெண்டு பேருதான் இருக்காங்க. எண்ணெய் வாங்கிக்கிட்டு வூட்டுக்குப் போறேன். நாளைக்கு வேலைக்கு வரேன்" என்றவர், பாய் நீட்டிய பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எறும்பு இல்லியே பாய்?" என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார்.

மறுநாள் காலை வந்தார். மீதமிருந்த சக்கையை வெளியே தள்ளச் சொன்னவர், அதில் ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி நாக்கில் வைத்தேன். நல்ல இனிப்பு.

அதன்பின் விமானத்தில் போகிற சரக்குக்கு அட்டைப்பெட்டியும் கத்தரித்த காகிதமும் என்று ஆனது. அதையும் அவர் இடுப்பு உயரத்திலிருந்து போட்டார். முதலாளி கண்ணை மூடினார். பெட்டிகள் வாரம் தவறாமல் திருச்சிக்குப் போயின. விருத்தாசலத்துக்கு மேலே எந்த விமானம் போனாலும் கொட்டகைப் பெண்கள் நிமிர்ந்து, "நம்ம பொட்டி போவுது" என்பார்கள். அது சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வருவதாகத்தான் இருக்கும், அதில் எங்கள் பெட்டி இருக்காது. நான் திருத்தவில்லை. பாய் வருடத்துக்கு மூன்று முறை வந்து போனார். என் உலகப்படத்தில் இரண்டு ஊருக்கும் நடுவில் கடல் தெரியாத அளவுக்குச் சிவப்பாகிவிட்டது.

ஆனால் டீக்கடையில் நான் சொன்னதை ரேஷன் கடை வரிசையில் சொல்லாமல் விட்டிருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அதைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் என்பது நான் ஓய்வு பெறும் வருடம் வரை போய்விட்டது. ஒருநாள் அக்கா, "நம்ம பொட்டி போற ப்ளேன ஒரு தடவ கிட்டத்துல பாக்கணும் சார்" என்றார். பாய் வரும் நாளாகப் பார்த்து, முதலாளி அனுமதியோடு, நானும் அவரும் இன்னும் இரண்டு பெட்டிக் கொட்டகைப் பெண்களும் ஜங்ஷனில் ரயிலேறித் திருச்சிக்குப் போனோம். புளிசாதப் பொட்டலமும் புதுப்புடவையுமாக அது ஒரு உல்லாசப் பயணம். விமான நிலையத்துக் கம்பி வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற இருவரும் சுண்டல் வாங்கப் போனபோது நான் சொன்னேன்.

"அக்கா, நீங்க வேலையில இல்லாதப்ப டீக்கடையில ஒருத்தரு..."

"ஆபீஸ் விஷயம்னு சொன்னீங்க" என்றார் அவர், ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"டீக்கடைக்காரரு எங்க நாத்தனாரு வூட்டுக்காரரு சார். அன்னைக்கு சாயந்திரமே வந்து சொல்லிட்டாரு."

"அப்ப ஏன் அன்னைக்கு வரிசையில கேக்கல?"

"அவ்வளவு பேரு முன்னாடி நீங்க ஏற்கனவே வேர்த்துப்போய் நின்னீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்னு வுட்டுட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நல்லாத்தான் பாக்க வச்சிட்டீங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாலைந்து மாதம் அவர் தலைகுனிந்து நடந்த தெருவை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. இப்போதும் யாராவது என்னைப் படித்தவர் என்று சொன்னால் என் கை தானாகக் கண்ணாடிக்குப் போகிறது.

"அதோ சார், அதோ!" என்று அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். துபாய் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரு தட்டுத் தட்டி, புகை கிளப்பி, மறுபடி தொட்டு ஓடியது. அக்கா கையைத் தட்டினார்.

"போட்டான் பாருங்க! இடுப்பு ஒயரம்தான் இருக்கும்."

அரை மணி கழித்துப் பாய் தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினார். கூட்டத்தின் தலைக்கு மேலாக அக்கா குரல் கொடுத்தார்.

"பாய்! உள்ள ஒண்ணும் ஒடையலியே?"

"ஒண்ணும் ஒடையலக்கா!" என்று பாய் அங்கிருந்தே கத்தினார்.